செக்யூரிட்டி பிளக்இன் மூணு போட்டும் சைட் ஹேக் ஆகுது, நாலாவது எது போடலாம்?

கேள்வி (அரூர்லேர்ந்து ஒருத்தர்), மே 6, 2025

விதை, உரம் கடை வெச்சிருக்கோம், வேர்ட்பிரஸ்ல ஒரு சைட் இருக்கு. ரெண்டு தடவை ஹேக் ஆயிடுச்சு. மூணு செக்யூரிட்டி பிளக்இன் ஏற்கெனவே ஓடுது. நாலாவது எதை போடலாம்? காசு குடுத்து வாங்குற புரோ வெர்ஷன்னாலும் பரவால்ல. வேர்ட்பிரஸ்ஸே ஓட்டைன்னு பெங்களூர்ல வேலை பாக்குற மச்சான் சொல்றான், நிஜமா?

மே 6, ராத்திரி

நாலாவது போடாதீங்க. இருக்குற மூணுல ரெண்டை தூக்கிடுங்க. கிண்டல் பண்ணல. மூணும் ஒரே வேலையத்தான் பாக்குது, ஒண்ணோட ஃபயர்வால் ரூல் இன்னொண்ணோட இடிக்கும், ஷேர்டு ஹோஸ்டிங்ல (பல பேர் சைட் ஒரே சர்வர்ல இருக்கறது) மெமரி தீந்து 500 எரர் வரும், நீங்க அதையும் ஹேக்குன்னு நினைச்சு அஞ்சாவது தேடுவீங்க.

பிளக்இன்னா வேர்ட்பிரஸ்ஸோட ஒட்டற துணை புரோகிராம், செக்யூரிட்டி பிளக்இனும் யாரோ பிஹெச்பிங்கற சர்வர் மொழில எழுதுன கோடுதான். 2024 நவம்பர்ல ரியலி சிம்பிள் செக்யூரிட்டில ஒரு ஓட்டை வந்துச்சே, 40 லட்சம் சைட்டுக்கு மேல ஓடிட்டு இருந்த பிளக்இன் அது. அதுல டூ ஃபேக்டரை (பாஸ்வேர்டுக்கு மேல ரெண்டாவது சரிபார்ப்பு) ஆன் பண்ணி வெச்சிருந்தவங்களுக்குத்தான் ஆபத்தே, பாஸ்வேர்டு தெரியாமலே அட்மினா உள்ள போக முடிஞ்சுது. 9.1.2ல சரி பண்ணி, வேர்ட்பிரஸ் ஆளுங்களே கட்டாய அப்டேட்டா தள்ளிவிட்டாங்க.

மச்சானுக்கு பதில்: வேர்ட்பிரஸ் கோர்ல, அதாவது மூல மென்பொருள்ல, ஓட்டை வராதுன்னு இல்ல, வரும், ஆனா சின்ன ஊர் சைட்டுங்க விழறது அதனால ரொம்ப கம்மி. கோர் 2003லேர்ந்து இருக்குது, உலகத்துல இருக்குற சைட்டுல பத்துக்கு நாலுக்கு மேல அதுலதான் ஓடுது, ஆயிரம் கண்ணு பாத்துட்டு இருக்கு. விழறது பிளக்இன், தீம் (சைட்டோட தோற்றத்துக்கான கோடு), அப்புறம் எவனோ விட்டுட்டு போன பழைய ஃபைல். உங்க சைட் இப்ப வாசல்ல மூணு வாட்ச்மேனை நிறுத்திட்டு சமையல்கட்டு கதவை திறந்து போட்ட கல்யாண மண்டபம்.

ஒண்ணு கேக்கறேன். முதல் தடவை ஹேக் ஆனப்ப எந்த வழியா வந்தாங்கன்னு யாராச்சும் பாத்தீங்களா, இல்ல ஹோஸ்டிங்காரன்கிட்ட சொல்லி பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணிட்டு விட்டுட்டீங்களா? ரெண்டாவதுதான்னா, ரெண்டு ஹேக் இல்ல, ஒரே ஹேக்தான் ரெண்டு தடவை தெரிஞ்சிருக்கு.

மே 7

மேல சொன்னது புரியலன்னு ரெண்டு பேர் கேட்டாங்க, அதனால ஒண்ணு சொல்றேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனி, பெங்களூரா மாம்பழம் லாரி லாரியா வந்து நிக்கிற சீசன் நேரம், ஓனர் போன் பண்றாரு. "தம்பி, வெளிநாட்டு பார்ட்டி கூகுள்ல நம்ம கம்பெனி பேரை போட்டா ஏதோ ஜப்பான் எழுத்து வருதாம், ஷூ விக்கிறானாம்"ங்கறாரு. அவரு ஆபீஸ்ல தொறந்தா சைட் பளிச்சுனு இருக்கு, மாம்பழ போட்டோ, ஐஎஸ்ஓ சர்டிபிகேட், எல்லாம் அப்படியே. பார்ட்டி பொய் சொல்றான்னு அவருக்கு சந்தேகம்.

பொய் இல்ல. கூகுளோட பாட் (பக்கங்களை தானா படிச்சு சேக்குற புரோகிராம்) வந்தா மட்டும் வேற பக்கம் காட்டுற மாதிரி எழுதி வெச்சிருப்பாங்க, நேரா அட்ரஸ் அடிச்சு வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. கூகுள்ல சைட்னு அடிச்சு முக்காற்புள்ளி வெச்சு உங்க டொமைன் பேரை ஒட்டி தேடுங்க, உங்க சைட்ல கூகுள் சேத்து வெச்சிருக்குற பக்கம் மட்டும் வரும். இவருக்கு அதுல போடாத பக்கம் ஆயிரக்கணக்குல, மொத்தமும் ஜப்பானிய மொழியில, கைப்பை, வாட்ச், ஷூ.

உள்ள போய் பாத்தா அப்லோட்ஸ் ஃபோல்டர்ல, 2019, அதுக்குள்ள 06, வரிசையா மாம்பழ ஜேபெக். நடுவுல ஒரே ஒரு பிஹெச்பி ஃபைல். படம் வைக்கிற எடத்துல பிஹெச்பிக்கு என்ன வேலை. தேதியும் பக்கத்துல இருக்குற படத்தோட தேதியே, அதை மாத்தி வெச்சிருக்கான், அதனால "சமீபத்துல மாறுன ஃபைல்"னு வரிசைப்படுத்தினா மாட்டாது. தொறந்தா முதல் வரில பிஹெச்பி தொடக்கம் மட்டும், மீதி காலி. காலின்னு மூடிட்டு போயிருப்போம், கீழ இருக்குற ஸ்க்ரோல் பார் மட்டும் ரொம்ப குட்டியா இருந்துச்சு. வலது பக்கம் இழுத்துட்டே போனா, நூத்துக்கணக்குல ஸ்பேஸ் தாண்டி, ஒரே வரில பேஸ்64 எழுத்து குவியல், கோடை வேற எழுத்தா மாத்தி வெச்சது. எடிட்டர்ல வேர்ட் ராப் (நீள வரியை மடிச்சு காட்டறது) ஆஃப்ல இருந்தா கண்ணுல படவே படாது. அதுலேர்ந்து எந்த ஃபைலை தொறந்தாலும் முதல்ல வேர்ட் ராப்தான் போடுறது.

ரூட்ல (சைட்டோட முதல் ஃபோல்டர்) இருந்த எச்டிஅக்சஸ் ஃபைலை (சர்வருக்கு விதி சொல்ற ஃபைல்) அழிச்சா மறுபடி வந்துருது, சர்வர்ல ஒரு புராசஸ் ஓடிட்டே திருப்பி எழுதுது. அதை நிறுத்தாம ஃபைல் அழிச்சு பிரயோஜனம் இல்ல. கூகுள் சர்ச் கன்சோலை (நம்ம சைட் கூகுள்ல எப்படி வருதுன்னு ஓனருக்கு காட்டற பக்கம்) தொறந்தா ஓனர் லிஸ்ட்ல நம்ம யாருக்கும் தெரியாத ஒரு ஜிமெயில். ரூட்ல ஒரு எச்டிஎம்எல் ஃபைலை போட்டு சைட் தன்னோடதுன்னு கூகுள்கிட்ட நிரூபிச்சிட்டான். இதை நிறைய பேர் விட்டுடறாங்க, சைட் எல்லாம் கழுவி முடிச்சதுக்கப்புறமும் அவன் சர்ச் கன்சோல்ல உக்காந்து சைட்மேப் (பக்கங்களோட பட்டியல்) அனுப்பிட்டு இருப்பான்.

எந்த வழியா வந்தான்ங்கறது நாளைக்கு. கரண்ட் போயிடுச்சு, இன்வெர்ட்டர் கத்துது.

மே 8

வந்த வழி: டபிள்யூபி ஃபைல் மேனேஜர். எப்பவோ லோகோ மாத்த யாரோ போட்ட பிளக்இன். 2020 செப்டம்பர்ல இதுல பெரிய ஓட்டை வெளிய வந்துச்சு, அப்ப ஏழு லட்சம் சைட்ல இருந்துச்சு, 6.9 வெர்ஷன்ல சரி பண்ணாங்க. எல்ஃபைண்டர்னு ஒரு லைப்ரரியோட சாம்பிள் ஃபைலை அப்படியே பேர் மாத்தி உள்ள வெச்சிருந்தாங்க, லாகின் இல்லாம எவன் வேணா அந்த ஃபைலை நேரா கூப்பிட்டு சர்வர்ல ஃபைல் ஏத்தலாம்.

ஓனர் வீட்டு பையன் சொன்னாரு, "அண்ணே, அதை நான் அப்பவே டீஆக்டிவேட் பண்ணிட்டேனே". இங்கதான் விஷயம். டீஆக்டிவேட் பண்ணா வேர்ட்பிரஸ் அந்த பிளக்இனை கூப்பிடாது, அவ்வளவுதான். ஃபைல் சர்வர்ல அப்படியே கெடக்கு. வேர்ட்பிரஸ் வழியா வராம ஃபைலோட அட்ரஸை நேரா அடிக்கறவனுக்கு ஆக்டிவா இன்ஆக்டிவான்னு என்ன கவலை. டெலீட் பண்ணாத்தான் போகும்.

அரூர் நண்பரே, பிளக்இன் பக்கத்துல இன்ஆக்டிவ்னு போட்டிருக்குற எல்லாத்தையும் இன்னிக்கே டெலீட் பண்ணுங்க. "அப்புறம் தேவைப்படும்"னா அப்புறம் இறக்கிக்கலாம், இலவசம்தானே.

மே 10

இன்ஆக்டிவ் பிளக்இன் பதினொண்ணு இருந்துச்சுன்னு அரூர்காரர் எழுதியிருக்காரு, ஸ்லைடர் மட்டும் மூணாம். ஆச்சரியப்படல.

அதே கையோட இதையும் பாருங்க, எஃப்டிபியோ (சர்வர் ஃபைலை நம்ம கம்ப்யூட்டர்லேர்ந்து தொறக்கற வழி) சிபேனல் ஃபைல் மேனேஜரோ (சிபேனல்னா ஹோஸ்டிங்கோட கன்ட்ரோல் பக்கம், மேல திட்டுனது வேற) தொறந்து பப்ளிக் எச்டிஎம்எல் (சைட் ஃபைல் இருக்குற ஃபோல்டர்) உள்ள என்னென்ன கெடக்குன்னு ஒவ்வொண்ணா பாருங்க. ஓல்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், டெஸ்ட்டுன்னு ஒண்ணு, நியூன்னு ஒண்ணு. அதுக்குள்ள முழு வேர்ட்பிரஸ் ஒண்ணு உசுரோட இருக்கும், போன டிசைனர் காலத்து வெர்ஷன்ல, யாரும் அப்டேட் பண்ணாம. மெயின் சைட்டை எத்தனை இறுக்கி கட்டினாலும் இது ஒண்ணு போதும்.

பேக்கப் ஜிப். பேக்கப்.ஜிப்னே பேர் வெச்சு ரூட்லயே விட்டிருப்பாங்க, பேரை யூகிச்சு இறக்கறதுக்குன்னே பாட்டுங்க சுத்திட்டு இருக்கு. அதைவிட மோசம் கான்ஃபிக் ஃபைலோட (சைட்டோட அமைப்பு ஃபைல்) நகல். டபிள்யூபி-கான்ஃபிக்.பிஹெச்பியை பிரவுசர்ல கூப்பிட்டா சர்வர் அதை ஓட்டும், உள்ள இருக்குறத காட்டாது. அதையே எடிட் பண்றதுக்கு முன்னாடி காப்பி எடுத்து கடைசியில டாட் பேக்னோ டாட் ஓல்டுன்னோ வெச்சா அது சர்வருக்கு வெறும் டெக்ஸ்ட், டேட்டாபேஸ் பேரு பாஸ்வேர்டு மொத்தமும் ஸ்கிரீன்ல கொட்டிடும். எந்த ஓட்டையும் வேணாம், ஒரு அட்ரஸ் அடிச்சா போதும்.

அப்புறம் நல்டு தீம், அதாவது காசு குடுத்து வாங்க வேண்டியதோட லைசென்ஸ் பூட்டை உடைச்சு சும்மா விடறது. டெலிகிராம்ல 4000 ரூபா தீம் சும்மா கெடைக்குதுன்னு போடறவங்க, அந்த தீமை உடைச்சவன் எதுக்கு இலவசமா குடுக்குறான்னு யோசிக்கணும். டபிள்யூபி-விசிடின்னு ஒரு மால்வேர் குடும்பமே இந்த மாதிரி தீம், பிளக்இன் வழியாத்தான் பரவுச்சு. ஒரு சைட்ல நல்டு தீம் இருந்தா நான் கை வெக்கிறதில்ல, முதல்ல அதை எடுங்க, அப்புறம் பேசலாம்.

மே 10, கொஞ்சம் கழிச்சு

"லாகின் அட்ரஸை மாத்தினா சேஃபா?"

சர்வர் லாக்ல (பதிவு ஃபைல்) குப்பை கொறையும், அவ்வளவுதான். எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (வெளி ஆப்புங்க வேர்ட்பிரஸ்ஸோட பேசற வாசல்) தொறந்திருந்தா அந்த வழியாவே பாஸ்வேர்டு அடிச்சு பாக்கலாம், மல்டிகால்னு ஒரே ரிக்வெஸ்ட்ல நூத்துக்கணக்கான பாஸ்வேர்டை ட்ரை பண்ற வித்தை 2015லயே வெளிய வந்துச்சு, 4.4ல அதை அடைச்சாலும் ஒவ்வொண்ணா அடிச்சு பாக்கறது நிக்கல. ஜெட்பேக், மொபைல் ஆப் எதுவும் நீங்க யூஸ் பண்ணலன்னா அதை மூடிடுங்க. யூசர்நேமை மறைச்சு வெச்சிருக்கேன்னு நினைக்கறவங்க, சைட் அட்ரஸ் கடைசியில கேள்விக்குறி போட்டு ஆத்தர்=1னு அடிச்சு பாருங்க, பெரும்பாலும் அட்ரஸ் பார்லயே பேர் வந்து நிக்கும். யூசர்நேம் ரகசியம் இல்ல. பாஸ்வேர்டும் டூ ஃபேக்டரும்தான் ரகசியம்.

மே 13

அப்டேட் பத்தி சண்டை ஆரம்பிச்சாச்சு. "ஆட்டோ அப்டேட் ஆன் பண்ணா சைட் ஒடஞ்சிடும், நான் எல்லா கிளையன்ட்டுக்கும் ஆஃப் பண்ணிடுவேன்"னு ஓசூர் நண்பர். ஒடையும், ஒத்துக்கறேன். ஆனா ஆஃப் பண்ணிட்டு கையால செய்யற ஆளு யாரு? மாசா மாசம் செய்யறேன்னா, மாசம் ரொம்ப லேட்டு.

2017 ஜனவரி 26, வேர்ட்பிரஸ் 4.7.2 வந்துச்சு. அதுல ரெஸ்ட் ஏபிஐங்கற பகுதில இருந்த ஓட்டையை சத்தமில்லாம அடைச்சிருந்தாங்க, லாகினே இல்லாம எவன் போஸ்ட்டை வேணாலும் மாத்தி எழுதுற ஓட்டை. ஆட்டோ அப்டேட் பரவட்டும்னு காத்திருந்து பிப்ரவரி 1தான் விஷயத்தை வெளிய சொன்னாங்க. சொன்ன கையோட ஆஃப் பண்ணி வெச்சிருந்த சைட்டுங்க வரிசையா விழுந்துச்சு, போஸ்ட் தலைப்பு பூரா "ஹேக்டு பை" போர்டுதான். ஆன்ல விட்டிருந்தவங்களுக்கு ஒரு மெயில் வந்துச்சு, அப்டேட் ஆயிடுச்சுன்னு. அவ்வளவே.

ட்ருபல் (வேர்ட்பிரஸ் மாதிரி இன்னொண்ணு) ஆளுங்க சிரிக்காதீங்க. 2014 அக்டோபர் 15, ட்ருபல் 7ல எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (டேட்டாபேஸுக்குள்ள திருட்டு கட்டளையை நுழைக்கற ஓட்டை). அறிவிச்சு ஏழு மணி நேரத்துக்குள்ள பேட்ச் (ஓட்டையை அடைக்கற அப்டேட்) பண்ணலன்னா உங்க சைட் போச்சுன்னே வெச்சுக்கோங்கன்னு அவங்க செக்யூரிட்டி டீமே எழுதுனாங்க. அந்த கெடு நம்ம ஊர் நேரத்துக்கு விடியக்காலம் நாலரை மணி. அந்த நேரத்துல யார் முழிச்சு பேட்ச் போட போறாங்க, ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு வண்டி ஏத்தறவங்க தவிர.

கோர் மைனர் அப்டேட் 2013லேர்ந்தே தானா நடக்குது, அதை ஆஃப் பண்ணாதீங்க. பிளக்இன், தீமுக்கு 2020ல 5.5 வந்ததுலேர்ந்து ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கு.

மே 14

ராத்திரி யோசிச்சேன், நேத்து எழுதுனது கொஞ்சம் ஒரு பக்கமா போயிடுச்சு. பர்கூர்ல ஜவுளி கடைக்காரர் ஒருத்தர், ஊக்காமர்ஸ்ல (வேர்ட்பிரஸ்ஸை ஆன்லைன் கடையாக்குற பிளக்இன்) மொத்த வியாபாரம், ஆடி தள்ளுபடி நேரத்துல பேமென்ட் கேட்வே பிளக்இன் தானா அப்டேட் ஆகி செக்கவுட் நின்னா அவருக்கு என்ன ஹேக்கு, என்ன அப்டேட்டு, ரெண்டும் ஒரே நஷ்டம்தான். அந்த மாதிரி சைட்ல நான் ஊக்காமர்ஸ், கேட்வே, ஷிப்பிங் இந்த மூணையும் ஆஃப்ல வெச்சு ஸ்டேஜிங்ல (சைட்டோட சோதனை நகல்) பாத்துட்டு ஏத்தறேன், மீதி ஆன். வெறும் அறிமுக சைட்டுன்னா எல்லாமே ஆன், ஒடைஞ்சா ஒடையட்டும், ஒடைஞ்ச சைட்டை சரி பண்றது ஹேக் ஆன சைட்டை கழுவறதை விட சுலபம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அப்டேட்டே விஷமா வந்தா? 2024 ஜூன்ல அதுவும் நடந்துச்சு. சோஷியல் வார்ஃபேர் உட்பட சில பிளக்இன்களோட டெவலப்பர்ங்க வேற எடத்துல லீக் ஆன பாஸ்வேர்டையே வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்லயும் (பிளக்இன் எல்லாம் இறக்கற அதிகாரப்பூர்வ தளம்) வெச்சிருந்தாங்க, எவனோ அதை வெச்சு உள்ள போய் அதிகாரப்பூர்வ அப்டேட்லயே மால்வேரை கலந்துட்டான், சைட்டுக்கு சைட் புது அட்மின் அக்கவுன்ட் உருவாச்சு. அதுக்கப்புறம் 2024 அக்டோபர்லேர்ந்து பிளக்இன் எழுதறவங்களுக்கு டூ ஃபேக்டர் கட்டாயம். 2017ல டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்னு ஒரு பிளக்இனை மூல ஆளு வித்துட்டாரு, வாங்குனவன் பின்கதவு வெச்சே வெளியிட்டான்.

அப்ப ஆட்டோ அப்டேட் வேணாமா? வேணும். பழைய ஓட்டையில விழறவங்க கூட்டம், விஷ அப்டேட்ல விழறவங்க கொஞ்சம். ஆனா சுத்தி சுத்தி பாத்தா நான் முதல்ல சொன்னதுக்கே வர்றேன், முப்பது பிளக்இன் இருந்தா முப்பது முகம் தெரியாத ஆளுங்களை நம்பறீங்க. எட்டு இருந்தா எட்டு பேரை.

ஒரு பிளக்இனை வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் ரெபாசிட்டரிலேர்ந்து மூடிட்டா உங்க டேஷ்போர்டு அதை வாய் தொறந்து சொல்லாது. அப்டேட் எதுவும் வரலன்னு நிம்மதியா இருப்பீங்க. எப்பவாச்சும் ஒவ்வொரு பிளக்இன் பக்கத்தையும் தொறந்து கடைசியா எப்ப அப்டேட் ஆச்சுன்னு பாருங்க.

மே 18

பெண்ணாகரம் நண்பர் கேட்டது: "என் சைட் சுத்தமாத்தான் இருக்கு, ஆனா அதே சிபேனல்ல இருக்குற இன்னொரு சைட் ஹேக் ஆச்சு, எனக்கும் வந்துச்சு, எப்படி?"

ஒரே சிபேனல் அக்கவுன்ட்னா எல்லா சைட்டும் ஒரே யூசர் பேர்ல ஓடும். ஒண்ணுக்குள்ள பிஹெச்பி ஓட்ட முடிஞ்சவன் பக்கத்து ஃபோல்டரையும் எழுதலாம். நம்ம ஆளுங்க காசு மிச்சம்னு ஒரே பிளான்ல அன்லிமிடெட் டொமைன்னு வாங்கி ஸ்கூல், ரெட்டிமேட் கடை, கிரானைட் கம்பெனி, மச்சினன் வெச்சிருக்குற ஒகேனக்கல் லாட்ஜுன்னு எல்லாத்தையும் அதுக்குள்ள தள்றாங்க. லாட்ஜ் சைட்டை யாரும் பாக்கறதில்ல, அது வழியா ஸ்கூல் சைட் விழும். கிளையன்ட்டுக்கு ஒரு தனி அக்கவுன்ட், இதுல நான் பேரம் பேசறதில்ல.

பர்மிஷன் (யார் படிக்கலாம், யார் எழுதலாம்னு சொல்ற எண்): ஃபோல்டர் 755, ஃபைல் 644, கான்ஃபிக் ஃபைல் 600 இல்லன்னா 640. அப்லோட் ஆகலன்னு சொன்னா சில சப்போர்ட் ஆளுங்க 777 (எவன் வேணா எழுதலாம்) போடுங்கன்னு சொல்லுவாங்க, சொல்லிட்டு டிக்கெட்டை மூடிடுவாங்க. போடாதீங்க. ஃபைலோட ஓனர் யாருன்னு பாத்து அதை சரி பண்ணுங்க.

அப்லோட்ஸ் ஃபோல்டர்ல பிஹெச்பி ஓடாத மாதிரி ஒரு சின்ன எச்டிஅக்சஸ் போட்டுடுங்க, நாலு வரிதான். மாங்கூழ் கம்பெனிக்கு இது ஒண்ணு இருந்திருந்தா அந்த ஃபைல் உள்ள வந்தும் சும்மா கெடந்திருக்கும். எஞ்சின்எக்ஸ் சர்வர்னா எச்டிஅக்சஸ் வேலை செய்யாது, சர்வர் கான்ஃபிக்லயே போடணும். டிஸ்அலோ ஃபைல் எடிட்னு ஒரு வரியும் கான்ஃபிக்ல சேத்துடுங்க, டேஷ்போர்டுக்குள்ள இருந்துக்கிட்டே தீம் கோடை மாத்துற எடிட்டர் போயிடும்.

மே 19

பாஸ்வேர்டு பத்தி எழுதவே வேணாம்னு இருந்தேன். இன்னிக்கு ஒரு கிளையன்ட் வாட்ஸ்அப்ல அனுப்பறாரு, ஊர் பேரு, அட் (@), 635001. போன வாரம் இன்னொருத்தரு 636701. பின்கோடு பாத்தே எந்த மாவட்டம்னு சொல்லிடலாம். மூணாவது ஒருத்தரு புத்திசாலி, கார் நம்பர் வெச்சிருக்காரு, டிஎன் 24ல ஆரம்பிக்குது, சைட்ல முதல் பக்கத்துலயே கார் முன்னாடி நின்னு எடுத்த போட்டோ, நம்பர் பிளேட் தெளிவா தெரியுது.

வேர்ட்பிரஸ் 6.8லேர்ந்து பாஸ்வேர்டை பிகிரிப்ட்ங்கற முறைல ஹேஷ் பண்ணுது (திருப்பி படிக்க முடியாத மாதிரி மாத்தி வெக்குது), நல்லது, டேட்டாபேஸ் திருட்டு போனாலும் உடைக்கறது கஷ்டம். பின்கோடை உடைக்க கஷ்டமே இல்ல.

மே 25

"செக்யூரிட்டி சரி, ஆனா சைட் யார் கையில இருக்குன்னே தெரியல"ன்னு பாலக்கோட்டுலேர்ந்து ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. இந்த இழையில வந்ததுலயே உருப்படியான கேள்வி இதுதான்னு நினைக்கறேன்.

நம்ம பக்கம் கதை பெரும்பாலும் இப்படித்தான். அண்ணன் மகன் இஞ்சினியரிங் படிக்கும்போது சைட் போட்டு குடுத்திருப்பான். டொமைன் அவன் ஜிமெயில்ல, ஹோஸ்டிங் அவன் கார்டுல, அட்மின் அவன் பேர்ல. அவன் பெங்களூர் போயிடுவான், அப்புறம் கனடா. ரினியூவல் மெயில் அவன் பழைய இன்பாக்ஸ்ல விழும். டொமைன் காலாவதி ஆனா வேற எவனோ வாங்கி சூதாட்ட சைட் போடுவான். டொமைன் வாங்குனவன் அதே பேர்ல மெயிலும் உருவாக்கலாம், உங்க ஆபீஸ் மெயிலை வெச்சு எங்கெங்க அக்கவுன்ட் இருக்கோ அங்கெல்லாம் பாஸ்வேர்டு ரீசெட் பண்ணிக்கலாம், அதுக்கு ஹேக் பண்ற வேலையே இல்ல.

அக்கா, முதல்ல ஒரு நோட்டுல எழுதுங்க, கம்ப்யூட்டர்ல வேணாம்: டொமைன் எங்க வாங்குனது, யார் மெயில்ல, எப்ப தீருது. ஹோஸ்டிங் எங்க, யார் கார்டு. சைட்ல அட்மின் யார் யாரு. சர்ச் கன்சோல், கூகுள் மேப்ஸ் பிசினஸ் பக்கம் யார்கிட்ட. அப்புறம் டொமைனையும் ஹோஸ்டிங்கையும் கடை பேர்ல இருக்குற மெயிலுக்கு மாத்துங்க. பையன்கிட்ட கோவிச்சுக்காம கேளுங்க, அவனுக்கும் அந்த மெயில் பாஸ்வேர்டு மறந்திருக்கும்.

அட்மின் ஒருத்தர் ரெண்டு பேர் போதும். நியூஸ் போடற பொண்ணுக்கு எடிட்டர், போட்டோ ஏத்தறவருக்கு ஆத்தர். "அட்மின் குடுத்துடுங்க சார், அப்பதான் எல்லாம் தெரியும்"னு கேப்பாங்க. தெரிய வேண்டியதில்ல. வேலைய விட்டு போனவங்க அக்கவுன்ட்டை டெலீட் பண்ணும்போது அவங்க எழுதுன போஸ்ட்டை இன்னொருத்தர் பேருக்கு மாத்தச் சொல்லி கேக்கும், அதை கவனிங்க, இல்லன்னா போஸ்ட்டும் சேந்து போயிடும்.

ஜூன் 2

பேக்கப் பத்தி மே 6ல குத்தலா சொன்னதை பாத்துட்டு "அப்ப பேக்கப்பே வீணா"ன்னு ஒருத்தர். வீண் இல்ல. ஆனா பின்கதவு ஃபைல் உள்ள வந்து வாரக்கணக்குல சத்தமில்லாம கெடக்கும், நீங்க வெச்சிருக்குற ஏழு நாள் பேக்கப் ஏழுலயும் அது இருக்கும். ரீஸ்டோர் பண்ணா அவனையும் சேத்து கூட்டிட்டு வர்றீங்க. அதனால பழசும் ஒண்ணு வேணும், மாசத்துக்கு ஒண்ணுன்னு எடுத்து சர்வருக்கு வெளிய வெச்சுக்கோங்க. சர்வர் உள்ளேயே வெச்சா அவனே அழிச்சிடுவான்.

கழுவறப்ப நான் செய்யற வரிசை தோராயமா இது, ஆளுக்கு ஆள் மாறும். முதல்ல இப்ப இருக்குற நிலைமையவே ஒரு காப்பி, ஆதாரத்துக்கு. எஸ்எஸ்ஹெச் (சர்வர்ல கட்டளை அடிக்கற வழி) இருந்தா டபிள்யூபி-சிஎல்ஐல (வேர்ட்பிரஸ்ஸுக்கான கட்டளை கருவி) வெரிஃபை-செக்சம்ஸ் ஓட்டினா கோர்ல எந்த ஃபைல் ஒரிஜினல்லேர்ந்து மாறியிருக்குன்னு சொல்லிடும், ரெபாசிட்டரில இருக்குற பிளக்இனுக்கும் அது உண்டு, காசு குடுத்து வாங்குனதுக்கு கெடையாது. அப்புறம் கோர், பிளக்இன், தீம் மூணையும் அழிச்சிட்டு புதுசா இறக்கறது, ஒட்டுப்போட்டுட்டு இருக்கறதில்ல. மிச்சம் இருக்கறது அப்லோட்ஸும் டேட்டாபேஸும்தான், அதுல நேரம் செலவு பண்ணலாம். கான்ஃபிக்ல இருக்குற சால்ட் கீ (லாகினை காக்கற ரகசிய எழுத்து) எட்டையும் மாத்தினா எல்லாரோட லாகினும் ஒரே நேரத்துல அறுந்துடும், திருடன் உள்பட. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, சிபேனல், எஃப்டிபி எல்லாம் புதுசு. கிரான் ஜாப் (நேரம் வெச்சு சர்வர் தானா ஓட்டற வேலை) லிஸ்ட்டை பாக்க மறந்தீங்கன்னா விடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து.

ஜூன் 8

சின்ன கடை சைட்ல திருடறதுக்கு என்ன இருக்குன்னு கேக்கறாங்க. பல கான்டாக்ட் ஃபார்ம் பிளக்இன், வந்த விசாரணையை டேட்டாபேஸ்ல சேத்து வெக்கும், பேரு, போன், ஊரு. ஸ்கூல் அட்மிஷன் ஃபார்ம்னா குழந்தையோட ஆதார் ஸ்கேன் வரைக்கும் அப்லோட்ஸ்ல, லிங்க் தெரிஞ்சவன் தொறக்கலாம்ங்கற நிலைமையில. 2023ல வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்பு சட்டத்துல பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கலன்னா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம்னு இருக்கு. உங்க கடைக்கு அவ்வளவு வராது, பயப்படாதீங்க, ஆனா தேவையில்லாததை வாங்காதீங்க, வாங்குனதை அழிங்க. இல்லாத டேட்டா திருட்டு போகாது.

கம்பெனிகளுக்கு இன்னொண்ணு, 2022 ஏப்ரல் 28 செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி இந்த மாதிரி சம்பவம் தெரிஞ்ச ஆறு மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு ரிப்போர்ட் பண்ணணும். காசு போயிருந்தா சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு உடனே போன்.

ஜூன் 21

வேலையே இல்லாம இருக்குற வாரம், எல்லாரும் மாங்கனி கண்காட்சி பேச்சுதான், அதனால கொஞ்சம் தள்ளி நின்னு ஒண்ணு.

நாலு பக்கம், ஒரு போன் நம்பர், ஒரு மேப். வருஷத்துக்கு ஒரு தடவை விலைப்பட்டியல் மாறும். இதுக்கு எதுக்குங்க வேர்ட்பிரஸ் மாதிரி சிஎம்எஸ்? டேட்டாபேஸ், லாகின், பிஹெச்பி, அப்டேட்டு. ஹ்யூகோ (பக்கத்தை முன்னாடியே செஞ்சு குடுக்கற கருவி) மாதிரி ஒண்ணுல எச்டிஎம்எல்லா அடிச்சு போட்டா சர்வர்ல ஓடறதுக்கு எதுவுமே இல்ல, உடைக்கறதுக்கும் ஏறக்குறைய எதுவும் இல்ல. ஹோஸ்டிங், டொமைன் அக்கவுன்ட் மட்டும் பத்திரமா இருந்தா போதும். மாங்கூழ் கம்பெனிக்கு இப்ப அப்படித்தான் இருக்கு. ஓனர் முதல்ல முறைச்சாரு, "நானே மாத்திக்க முடியாதா தம்பி?"ன்னாரு. கடைசியா எப்ப நீங்களே மாத்துனீங்கன்னு கேட்டேன், சிரிச்சிட்டாரு.

நியூஸ் போடற ஸ்கூலுக்கு, ஆன்லைன்ல விக்கிற கடைக்கு இது ஒத்துவராது, அவங்களுக்கு வேர்ட்பிரஸ்தான். எல்லாத்துக்கும் ஹ்யூகோன்னு நான் சொன்னதா எவனாச்சும் ஸ்கிரீன்ஷாட் போட்டா நான் பொறுப்பில்ல.

ஜூலை 3

காரிமங்கலம் தம்பிக்கு, பிஹெச்பி 7.4லயே ஓடுது மாத்தணுமான்னு கேட்டதுக்கு: 7.4க்கு பாதுகாப்பு அப்டேட் 2022 நவம்பர் 28ஓட நின்னுடுச்சு. 8.1க்கும் 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான், அதனால மாத்தறதுன்னா 8.2க்கோ 8.3க்கோ போங்க. பேக்கப் எடுங்க, எல்லா பிளக்இனையும் அப்டேட் பண்ணுங்க, அப்புறம் சிபேனல்ல பிஹெச்பி செலக்டர்ல மாத்துங்க. வெள்ளை பக்கம் வந்தா பழைய வெர்ஷனுக்கே திருப்பிட்டு எரர் லாக்கை தொறங்க, எந்த ஃபோல்டர்ல இருக்குற எந்த பிளக்இன்னு அதுலயே எழுதியிருக்கும். அனேகமா அந்த பழைய ஸ்லைடராத்தான் இருக்கும்.